மேல்வரம்பு

எதுவும் கேட்கவில்லை என்றால்
சுழியம் என்று எழுதக் கூடாது.
வரைபடத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு.
இதற்கும் கீழே ஏதாவது இருந்தால்
எனக்குத் தெரியாது என்று பொருள்.

நானூற்றுப் பன்னிரண்டுக்கு
ஐந்து ஆண்டில் ஒன்பது அம்பு போட்டிருக்கிறேன்.
(முழுப் பெயர் பதினாறு இலக்கம்.
கடைசி மூன்றைச் சொல்லிக் கூப்பிடுகிறோம்,
வங்கி டோக்கன் போல.)
முதல் அம்பு, வேளச்சேரியில் முழங்காலளவு தண்ணீர் நின்ற வாரம்;
ஹார்டு டிஸ்க்கை மூன்று பாலிதீன் பைக்குள் கட்டி
தலைக்கு மேல் தூக்கி நடந்தேன்.
மூன்றாவது, பிலவேந்திரன் வேலையை விட்ட வெள்ளிக்கிழமை.
ஆறாவது கத்திரி வெயிலில், ஏசி பழுதாகி
சர்வர் இரண்டு முறை மயங்கி விழுந்தது.
மற்றவை எப்போது என்று
கோப்பைத் திறந்தால்தான் சொல்ல முடியும்.

அங்கே ஒரு விண்மீன்
கருந்துளைக்கு மிக அருகில் போய்க் கிழிந்தது.
ஒளியில் எல்லோரும் பார்த்தார்கள்.
ரேடியோவில் நாங்கள் பார்த்தோம், ஒன்றுமில்லை.
‘மௌனம்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினோம்.
நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை.
‘கண்டறியப்படவில்லை’ என்று மாற்றச் சொன்னார்.
மூன்று மாதச் சண்டை.
ஜெயித்தோம்.

இன்று அதிகாலை மூன்று இருபது.
தரமணியில் பறக்கும் ரயில் எப்போதோ ஓய்ந்துவிட்டது.
யூபிஎஸ் மட்டும் நிமிடத்துக்கொரு தரம் முனகுகிறது.
பத்தாவது அம்புக்காக உட்கார்ந்தவள்
படத்தின் நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்தேன்.

முதலில் சந்தேகம்தான் வரும், சந்தோஷம் வராது.
செயற்கைக்கோளா, விமானமா,
நாராயண்காவ் பக்கம் யாராவது புதிதாக டவர் நட்டார்களா.
பாதித் தரவை வெட்டி எறிந்தேன், இருந்தது.
அதை மீட்டு மறுபாதியை எறிந்தேன்,
அப்போதும் இருந்தது.
நிலவில் யாரோ கைபேசியை மறந்துவிட்டு வந்தால்
அது இதைவிடப் பல ஆயிரம் மடங்கு உரக்கப் பேசும்.
அவ்வளவு சின்னது. ஆனால் இருந்தது.

பிலவேந்திரன் இப்போது அமெரிக்க வங்கிக்கு
நாவலூரிலிருந்து இரவுப் பணி. எடுத்தான்.
“நானூற்றுப் பன்னிரண்டு” என்றேன்.
“கேலிபரேட்டர் சரி பார்த்தியா?”
மூன்று வருஷம் கழித்து அவன் கேட்ட முதல் கேள்வி.
“பார்த்தேன்.”
“எத்தனை சிக்மா?”
“பதினொன்று.”
அவன் பக்கம் கீபோர்டுகளின் சத்தம்,
யாரோ லிஃப்டுக்கு ஓடுவது.
பிறகு சிரித்தான்.
“திருத்தம் போடும்போது என் பேரை எடுத்துடாதே.
தப்பு ரெண்டு பேருதும்தான்.”

கருந்துளைக்குள்ளிருந்து எதுவும் வருவதில்லை.
விழாமல் சிதறியது
வெளியே கிடந்த வாயுவில் போய் மோதுகிறது,
அதுதான் இது.
ஏன் உடனே மோதவில்லை, ஐந்து ஆண்டு எங்கே இருந்தது
என்று கேட்டால்
என்னிடம் நான்கு விடைகள் இருக்கின்றன,
நான்கும் ஒன்றையொன்று மறுக்கும்.

அலை அங்கே புறப்பட்டு அறுபது கோடி ஆண்டாகிறது.
அன்று சென்னை இல்லை, வங்கக் கடலும் இல்லை.
பல்லாவரத்துக் கல் இருந்தது,
அன்றைக்கே கிழடாக.
நாங்கள் மௌனம் என்று அச்சடித்த நாளில்
இது சூரியனைத் தாண்டி வெகுதூரம் போகாத தொலைவில்,
நம் பக்கத்து விண்மீனுக்கும் நமக்கும் நடுவில் எங்கோ,
வந்துகொண்டிருந்தது.

ஒன்பது அம்புகளையும் அழிக்கவில்லை.
அவை பொய் சொல்லவில்லை,
சொன்னது தலைப்பு.

கேட்டில் பால் வண்டி.
தொலைநோக்கியில் மறுபடி நேரம் கேட்டு விண்ணப்பம் நிரப்புகிறேன்.
‘அவசரத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம்.
அறுபது கோடி ஆண்டுக்கு என்ன அவசரம்?
‘மாறிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதினேன்.
அனுப்பும் முன்
அந்த நடுவரை நினைத்துக்கொண்டு
‘போலத் தெரிகிறது’ என்று சேர்த்தேன்.